புளி போட்டுத் தேய்ச்ச ராணி காசு

வீட்டுல பழைய வெள்ளி ரூபா ரெண்டு மூணு கிடைச்சுதுன்னு யாராவது எனக்கு போட்டோ அனுப்புனா கூடவே ஒரு கேள்வியும் வரும், "ரொம்ப கருப்பா இருக்கு, எதுல கழுவுனா பளிச்னு ஆகும்?" பாதிப் பேர் கேக்குறதுக்கு முன்னாடியே கழுவி முடிச்சிட்டு, கழுவுறதுக்கு முந்தி ஒண்ணு கழுவுன பிறகு ஒண்ணுன்னு ரெண்டு போட்டோவையும் பெருமையா அனுப்புவாங்க. அந்த ரெண்டாவது போட்டோவ பாக்கும்போது எனக்கு வயித்தப் பிசையும். ஏன்னு சொல்லத்தான் இத எழுதறேன், காசு சேக்குறதுல புதுசா இறங்கியிருக்கிறவங்களுக்கு, இல்ல பாட்டி பெட்டியில கிடைச்சத என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறவங்களுக்கு.

நானும் கழுவுனவன்தான், அத முதல்லயே சொல்லிடறேன். எங்க அப்பாயி போனதுக்கப்புறம் அவங்க டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில ஒரு சுருக்குப் பை இருந்துச்சு, உள்ள ஒன்பது வெள்ளி ரூபா. விக்டோரியா ராணி தலை நாலஞ்சு, மொட்டைத் தலையோட எட்வர்டு ராஜா, கிரீடம் வச்ச ஜார்ஜ் ராஜா. எல்லாமே கருத்துக் கிடந்துச்சு. எங்க அத்தை பாத்துட்டு, "சாமிகிட்ட வைக்க வேண்டிய காசுடா, இப்படியா கிடக்குறது"ன்னு ஒரு உருண்டை புளியும் விபூதி சம்படமும் எடுத்துட்டு வந்துட்டாங்க, நான் என் பங்குக்கு பழைய டூத் பிரஷும் பல்பொடியும் எடுத்துக்கிட்டு துணி துவைக்கிற கல்லுல உக்காந்தேன். அரை மணி நேரத்துல எட்டு காசு. கிண்ணத்துத் தண்ணி மை மாதிரி கருப்பாச்சு, நூறு வருஷ அழுக்கு போச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் சந்தோஷமா சிரிச்சோம். ஒன்பதாவது காசு பையோட மடிப்புத் தையல்ல மாட்டியிருந்தத பைய மடிக்கும்போதுதான் பாத்தேன், அதுக்குள்ள கை வலிச்சுது, சோம்பேறித்தனமா விட்டுட்டேன். 1901 தேதி போட்ட விக்டோரியா ரூபா அது.

கொஞ்ச நாள் கழிச்சு ஒன்பதையும் சென்னையில ஒரு பழங்காசு வியாபாரிகிட்ட கொண்டு போனேன். முதல் காச விளிம்புல ரெண்டு விரலால புடிச்சாரு, மேல தொங்குற குண்டு பல்புக்கு நேரா காட்டி இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அவ்ளோதான், பக்கத்துல இருந்த தராசுல வச்சிட்டாரு. லென்ஸைக் கூட தொடல. ரெண்டாவதும் அப்படித்தான், எட்டும் தராசுக்குப் போச்சு. "கழுவிட்டீங்களா தம்பி"ன்னு மட்டும் கேட்டாரு. ஒன்பதாவது கைக்கு வந்ததும் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டு லென்ஸ எடுத்தாரு, ரொம்ப நேரம் பேசவே இல்ல. அந்தக் கருப்புக் காசுக்கு அவர் சொன்ன விலை, பளபளன்னு இருந்த எட்டுல எந்த மூணச் சேத்தாலும் வராது. அதே பை, அதே அப்பாயி, கிட்டத்தட்ட அதே காலத்துக் காசு.

அந்த எட்டும் ஏன் தராசுக்குப் போச்சுன்னு முதல்ல பாப்போம். 1835-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க ஆரம்பிச்ச அந்த வெள்ளி ரூபாயோட எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இப்பக் கணக்குல 11.66 கிராம். அதுல பன்னெண்டுல பதினொரு பங்கு வெள்ளி, அதனால ஒரு காசுல சுத்த வெள்ளி பத்து கிராமுக்கு கொஞ்சம் மேல இருக்கும். (1940-ல இருந்து வந்த ஜார்ஜ் ரூபாயில பாதிதான் வெள்ளி, 1947 ரூபாயில வெள்ளியே கிடையாது, நிக்கல். இத தெரியாம வாங்கி ஏமாந்தவங்க நிறைய பேர்.) ஆக எந்த வெள்ளி ரூபாய்க்கும் கீழ ஒரு தரை விலை இருக்கு, அது வெள்ளியோட விலை. அதுக்கு மேல கிடைக்கிறது எல்லாம் சேக்குறவங்க கொடுக்குற விலை. அந்த விலை வருஷத்துக்கும், அடிச்ச நாணயச் சாலைக்கும், காசு இருக்குற நிலைமைக்கும். வருஷத்தையும் சாலையையும் நாம மாத்த முடியாது. நிலைமைய மாத்த முடியும், கெடுக்குற பக்கமா மட்டும்.

நிலைமைன்னு சொல்றதத்தான் கிரேடுன்னு சொல்றாங்க. இப்ப உலகம் முழுக்க ஓடுற கணக்கு 1-ல இருந்து 70 வரைக்கும், ஷெல்டன் ஸ்கேல்னு பேரு. வில்லியம் ஷெல்டன்னு ஒரு அமெரிக்கர் 1949-ல பழைய அமெரிக்க செப்புக் காசுகளுக்காக போட்ட கணக்கு அது, வேடிக்கை என்னன்னா அவர் போட்டது அழகுக்கு மார்க் இல்ல, விலைக்கு. தேய்ஞ்சு ஒண்ணுமில்லாம இருக்குற காசு ஒரு டாலர்னா ஒரு குறையும் இல்லாத காசு எழுபது டாலர், அந்த எழுபதுதான் இது. விலை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே அந்தக் கணக்க விட்டு ஓடிப்போச்சு, நம்பர் மட்டும் நின்னுடுச்சு. 60-க்கு மேல இருந்தா புழக்கத்துக்கே வராத காசு, நம்ம வியாபாரிங்க யூஎன்சின்னு சொல்லுவாங்க. 50-களில் இருந்தா ஏயு, லேசா கை பட்டது. 40, 45 எக்ஸ்எஃப், அதுக்குக் கீழ விஎஃப், எஃப்னு போகும். 1986-ல பிசிஜிஎஸ்ஸும் அடுத்த வருஷம் என்ஜிசியும் அமெரிக்காவுல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் காச அனுப்புனா அவங்க பாத்து நம்பர் போட்டு பிளாஸ்டிக் பொட்டியில சீல் வச்சு அனுப்புறாங்க, நம்ம ஊர் ராணி காசெல்லாம் கூட இப்ப அந்தப் பொட்டியில சுத்துது.

கழுவுன காசு போனா என்ன ஆகும்? நம்பர் வராது. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல "ஏயு டீடெயில்ஸ், கிளீன்ட்"னு எழுதி வரும். அதாவது, முகம் முடி சட்டை எல்லாம் ஏயு அளவுக்கு தெளிவா இருக்கு, ஆனா மேல்பரப்பு போச்சு, அதனால மார்க் போட மாட்டோம். பரீட்சையில நல்லா எழுதியிருந்தும் ரிசல்ட் நிறுத்தி வச்ச மாதிரி. ஆன்லைன்ல வாங்குறவன் நம்பர பாத்துதான் விலை வைக்கிறான், 62-க்கு இவ்ளோ 64-க்கு இவ்ளோன்னு. நம்பரே இல்லாத காசுக்கு எத வச்சு விலை சொல்வான், பயத்துல குறைச்சுத்தான் கேப்பான்.

சரி, அப்படி என்னத்த நாம தேய்ச்சு எடுத்துட்டோம்? கருப்பத்தானே எடுத்தோம்? இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறது.

கிண்ணத்துல கரைஞ்ச அந்தக் கருப்பு முழுசும் அழுக்கு இல்ல. காத்துல கொஞ்சமா கந்தக வாயு இருக்கும், அது வெள்ளியோட சேந்து வெள்ளி சல்ஃபைடுன்னு ஒரு மெல்லிய படலமா மாறும், அதான் கருக்குறது. அந்தப் படலத்துல இருக்குற வெள்ளி எங்க இருந்து வந்துச்சு? காசுல இருந்துதான். வெளிய இருந்து வந்து ஒட்டிக்கிட்ட தூசு மாதிரி இல்ல அது, காசோட தோலே நிறம் மாறி நிக்குது. அத உரிச்சா தோல உரிக்கிறீங்க. நாங்க கல்லுல உக்காந்து சிரிச்சது ராணியோட தோல உரிச்சுட்டு.

அந்தத் தோல்ல என்ன இருக்குன்னு புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். காசு அடிக்கும்போது ரெண்டு அச்சுக்கு நடுவுல வெள்ளி வில்லைய வச்சு பெரிய அழுத்தம் கொடுப்பாங்க. அந்த அழுத்தத்துல வெள்ளி நடுவுல இருந்து விளிம்பு பக்கமா வழியும், மாவு பிசைஞ்ச உருண்டைய அமுக்குனா சுத்தியும் பிதுங்குற மாதிரி. அச்சு ஆயிரக்கணக்கான காசு அடிக்க அடிக்க அந்த ஓட்டம் அச்சு மேலயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடா பதியும், அச்சுல இருந்து காசுக்கும் வரும், நடுவுல இருந்து விளிம்புக்கு ஆரம் ஆரமா. புதுக் காச பல்புக்குக் கீழ சாய்ச்சா ஒரு வெளிச்சக் கீத்து வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி வரும் பாருங்க, அது இந்தக் கோடு எல்லாம் வெளிச்சத்த வாங்கித் திருப்பி விடுறதாலதான். இதத்தான் லஸ்டர்னு சொல்றாங்க. பட்டுப் புடவைய திருப்பித் திருப்பிப் பாத்தா மினுமினுப்பு ஓடும்ல, அந்த மாதிரி. பளபளப்பு வேற, இது வேற. எவர்சில்வர் தட்டுகூட பளபளக்கும், ஆனா எப்படி சாய்ச்சாலும் ஒரே மாதிரி கண்ண கூசும், அதுல ஓட்டமே இருக்காது.

உழுது போட்ட வயல காலை வெயில்ல பாத்திருக்கீங்களா, ஒவ்வொரு சாலும் தனித்தனியா தெரியும், பரம்பு அடிச்சிட்டா எல்லாம் ஒரே மட்டம். பல்பொடி, டூத் பேஸ்ட், விபூதி, செங்கல் பொடி, பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர், எல்லாமே காசு மேல அடிக்கிற பரம்புதான். பல்பொடியிலயும் பேஸ்ட்லயும் சுண்ணாம்புப் பொடி, சிலிக்கான்னு ஏதாவது ஒண்ணு பல் கறைய சுரண்டுறதுக்குன்னே போட்டிருப்பாங்க. பல் கடினமானது, தாங்கும். வெள்ளி அத விட எவ்வளவோ மெத்து. கண்ணுக்கு வழவழன்னு இருக்குற விபூதியிலயும் நுணுக்கமான கரகரப்பு இருக்கும், விரல் நடுவுல தேய்ச்சா தெரியாது, லென்ஸ்ல காச பாத்தா தெரியும், ஆயிரம் முடிக்கீறல். ஹேர்லைன்னு சொல்லுவாங்க. ஈரம் துடைக்க கையில கிடைச்ச காஞ்ச துண்டால ஒரு தடவை அழுத்தித் துடைச்சாலே நல்ல காசுல ஹேர்லைன் விழும், அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க காச துடைக்கவே மாட்டாங்க, ஒத்தி எடுப்பாங்க.

தேய்க்காம கழுவுனா? ஆசிட் மாதிரி ஒரு திரவத்துல முக்கி எடுக்குற டிப் இருக்கு, நகைக்கடையில வெள்ளிக் கொலுச முக்கி எடுப்பாங்களே அந்த வகை. அதுல கீறல் விழாது, நிமிஷத்துல வெள்ளைவெளேர்னு வரும். ஆனா சல்ஃபைட கரைச்சு எடுக்குதுன்னா சல்ஃபைடா மாறியிருந்த வெள்ளியும் கூடப் போகுதுன்னு அர்த்தம், அதாவது அந்த உழவுச் சாலோட மேடு கொஞ்சம் கரையுது. ஒரு தடவை, ரெண்டு செகண்டு முக்குனா பல காசு தப்பிச்சுரும், கிரேடிங் கம்பெனிங்களே அப்படிப்பட்ட காசுக்கு நம்பர் போட்டுக் கொடுக்குறாங்க, அதுல எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, கீறுனவனுக்கு தண்டனை கரைச்சவனுக்கு மன்னிப்புன்னு. நாலஞ்சு தடவை முக்குனா சாயம் போன வேட்டி மாதிரி வெள்ளையா இருக்கும், உயிரே இருக்காது.

அப்புறம் வாட்ஸ்அப்புல சுத்துற அலுமினியத் தாள் வித்தை. சுடுதண்ணி, சமையல் சோடா, அலுமினியத் தாள், அது மேல காசு, மந்திரம் மாதிரி கருப்பு போகும். இதுல வெள்ளி கரைஞ்சு போகாது, கந்தகம் மட்டும் அலுமினியத்துக்குப் போயிடும், வெள்ளி அங்கேயே நிக்கும்னு சொல்லுவாங்க. வேதியியல் சரிதான். ஆனா திரும்பி வர்ற வெள்ளி பழைய சால் வடிவத்துலயா வரும்? பொருக்கு மாதிரி வந்து உக்காரும், மங்கலா சாம்பல் பூத்த மாதிரி. வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கு அந்த வித்தை நல்லது, காசுக்கு வேண்டாம்.

செப்புக் காசுக்கு நடக்குறது இன்னும் கொடுமை. புளிக்கு நாம ஏன் போறோம், செப்புக் குடம் தேய்ச்சுப் பழகுன கை. புளியில இருக்குற டார்டாரிக் அமிலம் செம்பு மேல படிஞ்ச ஆக்சைட கரைக்கும், குடம் ரோஸ் நிறத்துல ஜொலிக்கும், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா திட்டுத் திட்டா மங்கியிருக்கும், இது நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. விக்டோரியா காலணாவுக்கும் அதேதான் நடக்கும். செப்புக் காச கிரேடு பண்றப்ப நிறத்தையே தனியா எழுதுவாங்க, சிவப்பு, சிவப்புப் பழுப்பு, பழுப்புன்னு மூணு வகை, அடிச்சப்ப இருந்த அந்த அசல் சிவப்புக்கு விலை அதிகம். புளிச் சிவப்பு அந்தச் சிவப்பு இல்ல, வெந்த தோல் மாதிரி ஒரு ரோஸ், பத்து அடி தூரத்துல இருந்தே பழகுனவன் கண்டுபிடிச்சுருவான். நூறு வருஷத்துல படிஞ்ச சாக்லேட் பழுப்ப எடுத்துட்டு அந்த ரோஸ கொண்டு வர்றதுக்கு எதுக்கு மெனக்கெடணும்?

என் ஒன்பதாவது காசுக்கு வருவோம். அது முழுக் கருப்பும் இல்ல. ஓரத்துல நீலம், உள்ள வர வர ஊதா கலந்த சிவப்பு, ராணி கன்னத்துகிட்ட பழைய தங்க நிறம், இத அந்த வியாபாரி காட்டுனதுக்கு அப்புறம்தான் பாத்தேன், அது வரைக்கும் எனக்கு எல்லாமே கருப்புதான். மழை பெஞ்ச ரோட்டுல பெட்ரோல் சிந்துனா வானவில் தெரியுமே, அதே காரணம்தான், படலத்தோட தடிமனப் பொறுத்து நிறம் மாறும், மெலிசா இருந்தா தங்கம், கொஞ்சம் ஏறுனா சிவப்பு ஊதா, அப்புறம் நீலம், ரொம்ப ஏறுனா கருப்பு. டோனிங்னு சொல்றாங்க. பையோட துணி பட்ட பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு காசு அணைச்சிருந்த பக்கம் ஒரு மாதிரி, அறுபது எழுபது வருஷம் இருட்டுல சும்மா கிடந்து தானா வந்தது. இந்த நிறத்துக்காகவே கூடக் காசு கொடுத்து வாங்குறவங்க இருக்காங்க, அதனாலயே கந்தகம் வச்சும் அவிச்ச முட்டை வச்சும் செயற்கையா நிறம் ஏத்துற திருட்டு வேலையும் நடக்குது. அதுக்காக கருத்ததெல்லாம் அழகுன்னு நான் சொல்ல வரல, படலம் ரொம்ப ஏறி கரி மாதிரி ஆயிட்டா அடியில இருக்குற லஸ்டரையும் தின்னுரும், அந்தக் காசுக்கும் மார்க் குறையத்தான் செய்யும். ஆனா அப்பவும் அத தேய்க்கிறது தீர்வு இல்ல.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிக்கிறது

டியூப்லைட்டுல பாக்காதீங்க, வெளிச்சம் பரவலா விழுந்து எல்லாத்தையும் மறைச்சுரும். ஒத்தை பல்பு, மஞ்சள் வெளிச்சம்னா இன்னும் நல்லது, அதுக்குக் கீழ காச விளிம்புல புடிச்சு மெதுவா சாய்ங்க. வெளிச்சக் கீத்து சக்கரமா சுத்துதா, இல்ல ஒரே இடத்துல நின்னு கண்ண அடிக்குதா? அடுத்து, முடிக்கீறல் எல்லாம் ஒரே திசையில போகுதான்னு பாருங்க, துணியால துடைச்சிருந்தா அப்படி இருக்கும், வட்ட வட்டமா இருந்தா பிரஷோ பாலிஷோ போட்டது. இதுல ஒரு குழப்பம் வரும், சில காசுல அச்ச மெருகேத்துன கோடு இருக்கும், அது சாலையிலயே வந்தது, குறை கிடையாது. வித்தியாசம் என்னன்னா அச்சுல கீறல் விழுந்தா காசுல அது மேடா நிக்கும், தரையில, அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்துல மட்டும் ஓடி எழுத்துகிட்ட வந்ததும் நின்னுரும். வீட்டுல தேய்ச்ச கீறல் பள்ளம், அதுக்கு தரையும் தெரியாது ராணி மூக்கும் தெரியாது, எல்லாத்து மேலயும் ஏறி இறங்கிப் போயிருக்கும். பத்து மடங்கு காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, பெரிய செலவு இல்ல.

லென்ஸே இல்லாம பாக்குறதுக்கும் ஒரு வழி இருக்கு. எழுத்து இடுக்கு, மாலை வேலைப்பாட்டோட சந்து, இங்கல்லாம் கருப்பு தங்கியிருக்கு ஆனா நடுத் தரை மட்டும் வெள்ளையா மின்னுதுன்னா பிரஷ் எட்டுன வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். அதே மாதிரி, ராணியோட சட்டைப் பூவேலை எல்லாம் வழிச்செடுத்த மாதிரி தேய்ஞ்சிருக்கு, ஆனா காசு புதுசு மாதிரி வெள்ளைன்னா அது நடக்காத காரியம். அவ்ளோ கை மாறித் தேய்ஞ்ச காசு சாம்பல் நிறத்துலதான் இருக்கணும். எண்பது வயசு ஆளுக்கு ஒரு நரை இல்லன்னா என்ன நினைப்போம்? சந்தையில விக்கிறவங்க நிறைய பேர் வேணும்னே பாலிஷ் போட்டு வைக்கிறாங்க, புதுசா வர்றவன் பளபளப்பப் பாத்துதான் வாங்குறான்னு அவங்களுக்குத் தெரியும். கம்பி பிரஷ மோட்டார்ல ஓட்டி வெள்ளிய தள்ளித் தள்ளி போலி மினுக்கம் கொண்டு வர்ற வேலையும் இருக்கு, எழுத்தோட ஓரத்துல வெள்ளி ஒதுங்கிக் குவிஞ்சிருக்கிறத லென்ஸ்ல பாக்கலாம். நம்ம ஊர் காசுக்குன்னே இன்னொண்ணு, காசு மாலையில கோத்தது. வளையத்த பத்த வச்சு அப்புறம் எடுத்திருப்பாங்க, விளிம்புல பன்னிரண்டு மணி இடத்துல ஒரு தழும்பு, அத மறைக்க சுத்தி ராவியிருப்பாங்க, பாலிஷும் போட்டிருப்பாங்க. விளிம்ப பாக்காம வெள்ளி ரூபா வாங்கவே கூடாது.

எல்லாக் காசுக்கும் ஒரே அடியா?

இல்ல. பழைய கை இத நேராச் சொல்லணும். ராணி மூக்கே தேய்ஞ்சு போன சாதாரண வருஷத்துக் காசு, அதோட விலையே வெள்ளி விலைய ஒட்டித்தான் இருக்கு, அத கழுவுனா பெருசா ஒண்ணும் நஷ்டம் இல்ல, கீழ தரை இருக்கு. என் எட்டு காசுல ஆறு அந்த ரகம்தான், அதுக்காக நான் தூக்கம் கெடல. மத்த ரெண்டு ஏயு தேறியிருக்கும், அதுக்குத்தான் இன்னும் வயித்தெரிச்சல். நிலைமை ஏற ஏற நஷ்டமும் ஏறும், ஏன்னா மேல போகப் போக விலை முழுக்க அந்தத் தோலுக்குத்தான். அதே சமயம் காசே ரொம்ப அபூர்வம்னா கழுவியிருந்தாலும் ஆள் வரும். 1939 பம்பாய் வெள்ளி ரூபாய சேக்குறவன் "கழுவுனது"ன்னு மூஞ்சிய சுளிச்சுக்கிட்டே வாங்குவான், விலையத்தான் அடிச்சுக் கேப்பான். பணக்காரங்களும் இதுல தப்பிக்கல, எகிப்து ராஜா ஃபரூக் உலகத்துலயே பெரிய சேகரிப்புகள்ல ஒண்ணு வச்சிருந்தாரு, ஆட்சி போனதும் 1954-ல கெய்ரோவுல ஏலம் விட்டாங்க, பாத்தா நிறைய காச அரண்மனையிலயே தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி வச்சிருந்தாங்களாம்.

அந்தக் காலத்துல சயனைடுல கழுவுற பழக்கமே இருந்துச்சு, வெள்ளிக் கருப்பு நல்லாப் போகும். சான்ஃபோர்டு சால்டஸ்னு அமெரிக்காவுல பேர் போன நாணயப் புரவலர், 1922-ல லண்டன் ஓட்டல் ரூம்ல உக்காந்து காசு கழுவிக்கிட்டிருந்தாரு, பக்கத்துல குடிக்க ஜிஞ்சர் ஏல் கிளாஸ், இன்னொரு கிளாஸ்ல சயனைடு. கை மாறிப் போச்சு, மனுஷன் செத்தே போயிட்டாரு.

மண்ணுல இருந்து வர்ற ரொம்பப் பழைய காசோட கதையே வேற. கரூர் அமராவதி ஆத்துப் படுகையில சங்க காலத்துக் காசுங்க கிடைச்சிருக்கு, சேரர் வெள்ளிக் காசுல தலை உருவத்தோட "மாக்கோதை"ன்னு தமிழ் பிராமி எழுத்து, பாண்டியர் செப்புக் காசுல "பெருவழுதி". ஆத்துக்குள்ள ரெண்டாயிரம் வருஷம் கிடந்தத சுத்தம் பண்ணாம எப்படிப் படிக்கிறது, பண்ணித்தான் ஆகணும், அதுக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா அதுக்கும் முறை இருக்கு, பூதக்கண்ணாடிக்குக் கீழ கூர்மையான குச்சியால மண்ணும் பொருக்கும் மட்டும் துணுக்குத் துணுக்கா எடுக்குறது, நாள் கணக்குல. ஆசிட்ல போட்டவன் கையில வழவழன்னு ஒரு செப்புத் துண்டு மட்டும் மிஞ்சும். அந்த எழுத்தே பல தடவை பொருக்குக்குள்ளதான் நிக்கும், பொருக்கோட எழுத்தும் கரைஞ்சுரும். அந்த நாலஞ்சு எழுத்துதான் ஒரு ராஜா இருந்ததுக்குச் சாட்சி, அத கரைச்சவன் வரலாற்றையே கரைச்சுட்டான்னு சொன்னா மிகை இல்ல. (மண்ணுல கிடைச்ச புதையல கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-ல இருந்தே சட்டம் இருக்கு, அதையும் மனசுல வச்சுக்கங்க.)

செப்புலயும் வெண்கலத்துலயும் வெளிர் பச்சையில மாவு மாதிரி புள்ளி புள்ளியா வந்து, சுரண்டுனா திரும்பத் திரும்ப வந்தா அது சும்மா களிம்பு இல்ல, நோய். குளோரைடு உப்பு உள்ள போயிருக்கு, ஈரம் பட்டா தின்னுக்கிட்டே போகும், பக்கத்துக் காச தனியா எடுத்து வச்சுருங்க. எழும்பூர் மியூசியத்துல 1930-லயே இதுக்குன்னு வேதியியல் கூடம் ஆரம்பிச்சாங்க, சாமி சிலைங்க இப்படி அரிக்குறதப் பாத்துதான். இந்த மாதிரி காசுக்கு "தொடாதே"ன்னு சொல்றது தப்பு, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கணும்.

அப்ப நாமளா என்னதான் செய்யலாம்? கம்மிதான். பட்டும் படாம ஒட்டியிருக்குற மண், எண்ணெய்ப் பிசுக்குன்னா காய்ச்சி வடிச்ச தண்ணியில, பேட்டரிக்கு ஊத்துறது கிடைக்குமே அதுல, ஒரு நாள் ஊறப் போடுங்க, தேய்க்காம எடுத்து மெத்துத் துணியில ஒத்தி வச்சுக் காய விடுங்க. பிளாஸ்டிக் ஆல்பத்துல வச்சு பச்சையா பிசுபிசுன்னு ஏதாவது படிஞ்சிருந்தா அது பிவிசியில இருந்து வர்றது, காச அரிக்கும், அதுக்கு சுத்தமான அசிட்டோன். அசிட்டோன் வெள்ளியோடயோ செம்போடயோ சேராது, பிசுக்க மட்டும் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணத்துல, ஜன்னல திறந்து வச்சு, அடுப்பு சாமி விளக்கு எதுவும் பக்கத்துல இல்லாம, ஏன்னா குப்புன்னு புடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதுல வாசனை, எண்ணெய், கலர்னு வேற வேற கலந்திருக்கும். அதுக்கு மேல ஏதாவது வேணும்னா கிரேடிங் கம்பெனிங்களே கன்சர்வேஷன்னு தனியா செய்றாங்க, காசு நிஜமாவே விலை போகும்னா மட்டும் அந்தச் செலவு கட்டும்.

வைக்கிறதுக்கு பிவிசி இல்லாத கவர், கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, காசுக்கு நடுவுல கருப்பு வரி விழும். காசோட தரையில விரல வைக்காதீங்க, விரல் பதிஞ்சா அந்த உப்பும் எண்ணெயும் உள்ள இறங்கிரும், வருஷம் கழிச்சு ரேகை அப்படியே பழுப்பா எழும்பி வரும், அப்ப எந்த அசிட்டோனும் எடுக்காது. ஏற்கனவே கழுவிட்டீங்கன்னா மேற்கொண்டு எதையும் பண்ணாம விட்டுருங்க, வருஷம் போகப் போக மறுபடி ஒரு படலம் ஏறும், கீறல் போகாது ஆனா கண்ண அடிக்கிறது குறையும். விக்கும்போது கழுவுனதுன்னு சொல்லியே வித்துருங்க, சொல்லலன்னாலும் பல்புக்குக் கீழ அதுவே சொல்லிரும்.

நான் அந்த எட்டுல ஏழ வியாபாரிகிட்டயே கொடுத்துட்டு, ஒண்ண அத்தைகிட்ட திருப்பிக் கொடுத்தேன், சாமி மாடத்துக்கு. இன்னைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம விபூதி போட்டுத் தேய்க்கிறாங்க, ராணிக்கு இப்ப மூக்கு கிட்டத்தட்ட கிடையாது. ஒன்பதாவது என்கிட்டதான் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்து குண்டு பல்புக்குக் கீழ சாய்ச்சுப் பாப்பேன். போன பொங்கலுக்கு அத்தை வந்தப்ப அதக் காட்டுனேன், பாத்துட்டு, "இத மட்டும் ஏன்டா தேய்க்காம வச்சிருக்க, கொண்டா"ன்னு கைய நீட்டுனாங்க.